நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் கட்டணம் இல்லை: ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் கவனிக்க வேண்டியவை

2011 ஜூன் முதல் நாடு முழுவதும் நடப்பில் உள்ள இத்திட்டத்தின்படி, அரசு மருத்துவமனைக்கு வரும் நோயுற்ற குழந்தைக்குச் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, இரத்தம், போக்குவரத்து ஆகிய அனைத்தும் இலவசம். பின்னணி இவ்வளவு போதும்.

முதல் தடை வயது. தொடக்கத்தில் 30 நாளாக இருந்த வரம்பு பின்னர் ஓராண்டாக உயர்த்தப்பட்ட பிறகும், சுவரில் மங்கிக் கிடக்கும் பழைய பலகையைக் காட்டி, நாற்பது நாள் குழந்தையின் ஸ்கேனுக்குப் பணம் கேட்டதைக் கண்டிருக்கிறேன். அடுத்து வருமானச் சான்று கேட்டு அலையவிடுவார்கள். இத்திட்டத்துக்கு வருமான வரம்பே கிடையாது. எத்தனையாவது குழந்தை என்பதும் பொருட்டல்ல. தனியார் மருத்துவமனையில் பிறந்த குழந்தையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனால், அங்கே ஏற்கெனவே கட்டிய பணம் திரும்பக் கிடைக்காது. பெயரே வைக்காத குழந்தைக்கு ஆதார் கேட்பவர்களும் உண்டு. தாயின் பெயரைச் சொல்லி, அவருடைய குழந்தை என்று பதியச் சொல்லுங்கள்.

பலர் ஏமாறுவது மருந்தில்தான். 'இருப்பு இல்லை, வெளியே வாங்கி வாருங்கள்' என்று ஒரு துண்டுத் தாளை நீட்டுவார்கள்; அதில் முத்திரையும் இருக்காது, கையெழுத்தும் இருக்காது. இருப்பு இல்லாத மருந்தை வாங்கித் தர வேண்டியது மருத்துவமனையின் பொறுப்பு. ஆனாலும் குழந்தை மூச்சுக்குத் திணறும்போது எந்தப் பெற்றோரால் வாதாட முடியும்? வாங்கிக் கொடுத்துவிடுங்கள், அந்தத் தாளையும் கடை ரசீதையும் பத்திரப்படுத்தி, மறுநாளே கண்காணிப்பாளரிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் அளித்து, நகலில் ஒப்புகை பெறுங்கள். குறைதீர்க்கும் அலுவலரின் பெயரும் எண்ணும் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்க வேண்டும். பெரும்பாலும் இருக்காது; கேட்டு வாங்குங்கள்.

இதைவிடக் கொடியது கையெழுத்து. 'இங்கே வசதியில்லை, பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்' என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, 'எங்கள் சொந்த விருப்பத்தில் அழைத்துச் செல்கிறோம்' என்ற வரியின் கீழ் ஒப்பம் வாங்குவார்கள். அது விழுந்தவுடன், மருத்துவமனை அனுப்பியது நீங்களாகவே போனதாக மாறிவிடும். இலவச வாகனம் கேட்கும் பிடியும் நழுவிவிடும். எந்த மருத்துவமனைக்கு, எக்காரணத்துக்காக, இதுவரை கொடுத்த மருந்து என்ன என்பதெல்லாம் எழுதிய பரிந்துரைக் கடிதம் கைக்கு வராமல் எதிலும் ஒப்பமிடாதீர்கள்.

வீடு திரும்பவும் வாகனம் உண்டு. கேட்காதவர்களுக்கு அதை யாரும் நினைவூட்டுவதில்லை. வீட்டுக்கு வந்தபின், குழந்தை பிறந்த 42ஆம் நாள் வரை, உங்கள் பகுதிச் சுகாதாரத் தன்னார்வலரான ஆஷா பணியாளர் குறிப்பிட்ட நாள்களில் வந்து பார்க்க வேண்டும். குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, உடல் சில்லிட்டாலோ, மூச்சிழுக்கும்போது நெஞ்சு உள்வாங்கினாலோ அவர் வருகைக்குக் காத்திராமல் உடனே 108ஐ அழையுங்கள்.