இங்கிலாந்தில் காலி வீடு வைத்திருப்போர் கவனத்திற்கு

இங்கிலாந்தில் ஒரு வீடு ஆளும் தளபாடமும் இல்லாமல் ஓராண்டு கிடந்தால், 2024 ஏப்ரல் முதல் உள்ளூராட்சி மன்றம் அதன் கவுன்சில் வரியை (வீட்டுக்கு மன்றம் வசூலிக்கும் வரியை) இரட்டிப்பாக்கலாம். ஐந்தாண்டுகள் கடந்தால் அது மூன்று மடங்காகலாம். பத்தாண்டுகள் கடந்தால் நான்கு மடங்கு. இரண்டாண்டுகள் யாரும் குடியிருக்காத வீட்டைத் திருத்தினாலோ, அந்த வேலைக்கு வாட் (VAT, மதிப்புக்கூட்டு) வரி 20 சதவீதம் அன்று, 5 சதவீதம்தான். கூடுதல் வரிக்கான பில் தவறாமல் வந்து சேரும்; வாட் சலுகை இருப்பதைப் பெரும்பாலும் எந்த அலுவலகமும் தானாகச் சொல்லாது.

காலியாகக் கிடந்த காலத்தின் கணக்கு வீட்டுக்கே உரியது, உரிமையாளருக்கு அன்று. ஆறாண்டுகள் பூட்டிக் கிடந்த வீட்டை வாங்கியவருக்கு முதல் பில்லே மும்மடங்காக வரலாம் என்பதால், வாங்கும் முன்பே காலியான தேதியை மன்றத்திடம் எழுத்தில் கேளுங்கள். இடையில் ஆறு வாரமோ அதற்குக் குறைவாகவோ ஒருவர் தங்கியிருந்தாலும் கணக்கு அறுபடாது. நாலு நாற்காலியும் ஒரு கட்டிலும் போட்டுத் தப்பிக்கலாம் என்ற யோசனையும் இனிப் பலிக்காது. 2025 ஏப்ரல் முதல் யாரும் நிரந்தரமாக வசிக்காத, தளபாடமுள்ள இரண்டாம் வீட்டுக்கும் மன்றம் இரட்டிப்பு வரி விதிக்கலாம்.

இறந்தவரின் காலி வீட்டுக்கு, புரோபேட் (இறந்தவரின் சொத்தைக் கையாளச் சட்டப்படி தரப்படும் அனுமதி) கிடைத்து ஆறு மாதம் வரை வரியே இல்லை. ஆனால் வீடு இறந்தவரின் பெயரிலேயே இருக்க வேண்டும். நல்லெண்ணத்தில் அவசரமாகப் பெயர் மாற்றிக்கொண்டு, மறுநாளே வரிக்கு ஆளான பிள்ளைகள் உண்டு.

விற்பனைக்கோ வாடகைக்கோ உண்மையாகவே விளம்பரப்படுத்தப்பட்ட வீட்டுக்கும், பெரிய பழுதுவேலை தேவைப்படும் வீட்டுக்கும் 2025 ஏப்ரல் முதல் கூடுதல் வரியிலிருந்து பன்னிரண்டு மாத விலக்கு உண்டு. அடிப்படை வரி தொடரும். ஏஜெண்டின் கடிதம், விளம்பர நகல், பழுது பற்றிய மதிப்பீடு ஆகியவற்றை இணைத்து எழுதிக் கேளுங்கள். தொலைபேசியில் கிடைத்த 'சரி' பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

அதிகப் பணம் வீணாவது வாட் வரியில்தான். வேலை தொடங்கும் நாளுக்கு நேர்முன் இரண்டாண்டுகள் யாரும் குடியிருந்திருக்கக் கூடாது. இருபத்து மூன்றாம் மாதத்தில் பில்டரை இறக்கினால் சலுகை போயிற்று. மன்றத்தில் காலி வீடுகளைக் கவனிக்கும் அதிகாரியின் கடிதம் இதற்குத் தக்க சான்று. கவுன்சில் வரிப் பிரிவில் கேட்டால் 'அது வேறு பிரிவு' என்பார்கள். அந்த வேறு பிரிவின் மின்னஞ்சல் முகவரியைக் கையோடு வாங்காமல் நகராதீர்கள். கூடுதல் வரிக்குப் பயந்து 'அவ்வப்போது தங்குகிறோம்' என்று முன்பு எழுதிக் கொடுத்தவர்களுக்கு இங்கேதான் இடி விழுகிறது: அது பதிவான மன்றத்தின் ஏட்டைப் பார்த்துத்தான் அதிகாரி கடிதம் எழுதுவார்.

கடிதத்தை விலை பேசும்போதே பில்டரிடம் காட்டி, மதிப்பீட்டுத் தாளிலேயே 5 சதவீதம் என்று எழுதச் சொல்லுங்கள். 20 சதவீதம் கொடுத்துவிட்டு வரித்துறையிடம் நேரடியாகத் திருப்பிக் கேட்க முடியாது. பில்டர்தான் பில்லைத் திருத்த வேண்டும், காசு வாங்கியபின் அவர் அகப்படுவது அரிது. கூரை ஓடு, குழாய் போன்றவற்றை நீங்களே கடையில் வாங்கினால் முழு வரி. பில்டர் வாங்கிப் பொருத்தினால்தான் 5. கட்டடக் கலைஞரின் கட்டணத்துக்கும் தரைவிரிப்புக்கும் இந்தச் சலுகை இல்லை.

இடிந்த வீடு என்று கவுன்சில் வரிப் பட்டியலிலிருந்தே நீக்கச் சொல்வது பெரும்பாலும் வீண் அலைச்சல். நியாயமான பழுதுவேலையால் குடியிருக்கத் தக்கதாகும் வீட்டை நீக்க மாட்டார்கள். அதற்கான செலவு உங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்பது அங்கே கேள்வியே அன்று. கூடுதல் வரி தவறு என்றால் முதலில் மன்றத்துக்கே எழுதுங்கள். இரண்டு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டால், கவுன்சில் வரி வழக்குகளை விசாரிக்கும் மதிப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு (Valuation Tribunal) கட்டணமின்றிப் போகலாம். அதற்கும் காலக்கெடு உண்டு என்பதால் முதல் கடிதத்தின் தேதியைக் காட்டும் நகலைப் பத்திரமாக வையுங்கள். தீர்ப்பு வரும்வரை பில்லைக் கட்டாமல் நிறுத்திவிடவும் வேண்டாம்.