பழைய கிராஸ்ஓவரைக் குளிர்ந்த எஞ்சினோடு பாருங்கள்

வாடிக்கையாளருக்காகக் கிராஸ்ஓவர் எனப்படும் உயரமான கார் வகையில் பழைய வண்டியைப் பார்க்கப் போகும்போது, விற்பவரிடம் முதல் நாளே ஒரு வேண்டுகோள் வைப்பேன்: நாங்கள் வந்து சேரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். சென்னையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பணிமனை நடத்திவருகிறேன். இந்த வேண்டுகோள் மதிக்கப்படாத இடங்களில்தான் பெரும்பாலும் பெரிய கோளாறுகளைக் கண்டிருக்கிறேன். காலை எட்டு மணிக்குப் போய் பானட்டில் கை வைத்தால் சுடும். "இப்பத்தான் சார், கழுவிட்டு இங்க கொண்டாந்து விட்டோம்" என்பார்கள். வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினால் உண்மை தெரிந்துவிடும். இரவு முழுவதும் நின்ற வண்டியில், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட்டின் வெப்பமும் எஞ்சினுக்குள் போகும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக, நம் ஊரில் 28 அல்லது 30 டிகிரியில் இருக்க வேண்டும். கூலண்ட் 65 டிகிரி காட்டினால், வண்டி சற்று முன்தான் ஓடியிருக்கிறது என்று பொருள்.

சூடான எஞ்சின் தன் நோயை மறைத்துக்கொள்ளும். டீசல் எஞ்சினை ஸ்டார்ட்டுக்குச் சூடாக்கும் க்ளோ பிளக்கின் பழுது, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் தேய்மானம், சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தமான கம்ப்ரஷனின் இறக்கம், வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓடவைக்கும் டைமிங் செயினின் தளர்ச்சி ஆகியவை எல்லாம் காலையின் முதல் ஸ்டார்ட்டில்தான் வாய் திறந்து பேசும். அந்த முதல் இரண்டு நிமிடங்களில் நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. வெண்புகை விடாமல் வந்தால் எரியாத டீசலாகவோ, சிலிண்டருக்குள் கசியும் கூலண்ட்டாகவோ இருக்கலாம். எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசான ஆவி இயல்பு. மூடியையே தள்ளும் வேகத்தில் விட்டுவிட்டுப் புகை அடித்தால், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறதா என்று சோதிக்காமல் மேற்கொண்டு பேச வேண்டாம்.

என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த மாடலை நம்பி வாங்கலாம்?" என்பதுதான். நியாயமான கேள்வி என்றாலும் அது பாதிக் கேள்விதான். ஒரே தொழிற்சாலையில் ஒரே வாரத்தில் இறங்கிய இரண்டு வண்டிகளில், ஒன்று ஒவ்வொரு 10,000 கிலோமீட்டருக்கும் ஆயில் மாற்றப்பட்டு நெடுஞ்சாலையில் ஓடியிருக்கும். மற்றொன்று ஒவ்வொரு மழைக்கும் முழங்கால் தண்ணீரில் இறங்கி ஏறியிருக்கும். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவை ஒரே மாடல் என்பது பெயரளவில் மட்டுமே.

கிராஸ்ஓவர் விஷயத்தில் இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. 2012 இல் டஸ்டர், 2013 இல் எக்கோஸ்போர்ட், 2015 இல் கிரெட்டா என்று இந்த வகை வண்டிகள் நம் சந்தைக்கு வந்தன; மூன்றும் சென்னையைச் சுற்றியுள்ள ஒரகடம், மறைமலை நகர், இருங்காட்டுக்கோட்டை ஆலைகளில் உருவானவை. பார்ப்பதற்கு ஜீப்பைப் போல உயரமாக நின்றாலும், பொலேரோவையும் ஸ்கார்ப்பியோவையும் போலத் தனிச் சேசிஸ் மீது உடல் பொருத்தப்பட்டவை அல்ல. காரைப் போலவே உடலும் சட்டமும் ஒன்றான கட்டமைப்பு. பெரும்பாலானவற்றில் முன் சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். தரையிலிருந்து 200 மில்லிமீட்டர் உயரம் இருக்கிறது என்ற தைரியத்தில், சிறிய கார்க்காரர் திருப்பிக்கொண்டு போகும் தண்ணீரில் கிராஸ்ஓவர்க்காரர் இறங்கிவிடுகிறார். ஆகவே இவற்றை வாங்கும்போது நான் முதலில் தேடுவது தண்ணீரின் தடயம்.

2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் இந்த நகரத்தில் எத்தனை வண்டிகளை மூழ்கடித்தன என்பதை, அந்த வாரங்களில் பணிமனை வாசலில் நின்ற வரிசையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பழுது பார்க்கும் செலவு, காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால், அந்த வண்டியை முழு இழப்பு என்று கணக்கிட்டுக் காப்பீட்டு நிறுவனம் பணத்தைக் கொடுத்துவிடும். பிறகு அந்த வண்டி ஏலத்தில் போய், உலர்த்தப்பட்டு, மெருகேறி மீண்டும் சந்தைக்கு வருவதும் உண்டு.

தாம்பரத்தில் இருக்கும் ஓர் ஆசிரியர் 2024 இல் இப்படி ஒன்றுக்கு இருபதாயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டு என்னை அழைத்துப் போனார். 2019 மார்ச்சில் பதிவான டீசல் வண்டி, ஒரே உரிமையாளர், வெள்ளை நிறம், உள்ளே புது மேட்டும் வாசனைத் திரவியமும். ஓட்டுநர் இருக்கையின் சீட் பெல்ட்டை மெதுவாக இழுத்தேன். வழக்கமாக நாம் இழுக்கும் நீளம் வரை நன்றாகத் துவைத்துச் சுத்தமாக இருந்தது. இன்னும் இழுத்து, சுருளிலிருந்து கடைசி ஒரு சாண் வெளியே வந்தபோது, துணியின் குறுக்கே காவி நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. கோட்டுக்குக் கீழே துணி விறைப்பாக இருந்தது. நகத்தால் சுரண்டியபோது பொடி மண் உதிர்ந்தது. பிறகு ஸ்டெப்னியைத் தூக்கினோம். அடியில் இருந்த குழியைப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள், ஆனால் ஜாக்கியின் திருகில் துரு ஏறியிருந்தது. இருக்கையின் அடியில் ஓடும் தண்டவாளத்திலும் அதே துரு. டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு கனெக்டரைப் பிரித்தால் பின்களில் பச்சை பூத்திருந்தது.

அங்கேயே அந்த வண்டியின் பழைய காப்பீட்டுப் பத்திரத்தைக் கேட்டு வாங்கினேன். கிளெய்ம் செய்யாதவருக்குக் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் ஆண்டுதோறும் 20, 25, 35, 45, 50 விழுக்காடு என்று ஏறும். ஐந்து ஆண்டு ஒரே கையில் இருந்து, காப்பீடு இடைவெளியின்றிப் புதுப்பிக்கப்பட்ட வண்டிக்கு 2024 மார்ச்சில் 50 இருக்க வேண்டிய இடத்தில் சுழியம் இருந்தது. அதற்கு முந்தைய ஓராண்டுக்குள் கிளெய்ம் நடந்திருக்கிறது என்று அந்தக் காகிதமே சொல்லிவிட்டது. வாங்குகிறவர்கள் ஆர்.சி.யைப் பார்க்கிற கவனத்தில் பாதியையாவது இந்தப் பத்திரத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்கிறேன். ஆசிரியருக்கு முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது.

தண்ணீர் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், காற்றோடு சேர்ந்து அது சிலிண்டருக்குள் போய்விட்டால் காற்றைப் போல அமுங்காது. மேலே வரும் பிஸ்டனுக்கு வழி இல்லாமல், அதைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். லேசாக வளைந்த ராடுடன் எஞ்சின் பல மாதங்கள் ஓடி, ஒரு நாள் நெடுஞ்சாலையில் பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வந்ததைக் கண்டிருக்கிறேன். மின்னணுப் பாகங்களின் கதை இன்னும் மோசமானது, ஏனென்றால் ஏர்பேக்கும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ்.ஸும் என்றைக்கு நின்றுபோகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது விபத்து. உடலே சட்டமாக இருக்கும் வண்டியில் முன்பக்க ஏப்ரானும் (முன் சக்கரத்துக்கு மேலுள்ள உட்தகடு) கூரையைத் தாங்கும் பில்லரும் அடிபட்டிருந்தால், எவ்வளவு திறமையாக டிங்கரிங் செய்தாலும் பழைய உறுதி முழுமையாகத் திரும்புவது அரிது. பெயின்ட்டின் தடிமனை அளக்கும் சிறு கருவியை எப்போதும் வைத்திருக்கிறேன். ஆலைப் பெயின்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரானுக்குள் இருக்கும். ஒரு கதவு மட்டும் 250 காட்டினால் மீண்டும் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், 600, 800 என்று ஏறினால் உள்ளே பட்டி நிரப்பியிருக்கிறார்கள். கதவில் கீறலுக்காகப் பெயின்ட் அடிப்பது குற்றமில்லை. பம்பர் ஓரத்தில் அடி வாங்காத வண்டி சென்னையில் ஏது? பில்லரிலும் கூரையிலும் அந்த எண் ஏறினால்தான் திரும்பி நடக்க வேண்டும். கருவி இல்லாதவர்கள் கதவின் ரப்பர் பீடிங்கை இறக்கிப் பார்க்கலாம்: ஆலையில் வைத்த ஸ்பாட் வெல்டுகள் சீரான இடைவெளியில் சிறு குழிகளாக இருக்கும், கையால் வைத்தவை அப்படி இருக்காது.

ஸ்கேனரில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை என்பதில் திருப்தி அடையாமல், பிழைக் குறியீடுகளை அழித்த பிறகு வண்டி ஓடிய தூரம் எவ்வளவு என்பதைப் பாருங்கள். நன்றாக ஓடிய வண்டியில் அது ஆயிரக்கணக்கில் இருக்கும். 9 கிலோமீட்டர் என்று இருந்தால், உங்களுக்குக் காட்டுவதற்காக யாரோ முந்தின நாள் அழித்திருக்கிறார்கள்.

மீட்டரில் தெரியும் கிலோமீட்டரை நான் சாட்சியாக ஏற்பதில்லை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் பதிவு எண்ணைக் கொடுத்து வரலாறு வாங்குவதுதான் வழி. டயரின் பக்கச் சுவரில் இருக்கும் நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். 38,000 ஓடியதாகச் சொல்லும் வண்டியில் நான்கு டயர்களும் இரண்டாம் முறையாக மாற்றப்பட்டிருந்தால் காரணம் கேளுங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பிந்தைய, பி.எஸ். 6 புகை விதிக்கு உட்பட்ட டீசல் வாங்குகிறவர்கள் ஆயில் ஸ்டிக்கைக் கட்டாயம் இழுத்துப் பார்க்க வேண்டும். ஆயில் குறைந்திருப்பதைத் தேடித்தான் நமக்குப் பழக்கம். இங்கே மேல் கோட்டைத் தாண்டியிருந்தால்தான் கவலை. புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள, பல வண்டிகளில் சிறிது நேரம் சீரான ஓட்டம் தேவை. பள்ளிக்கும் கடைக்கும் மட்டுமே போய்வரும் வண்டியில் அந்தச் சுத்தம் பாதியில் நின்றுநின்று, எரியாத டீசல் ஆயிலில் கலந்து அளவு ஏறிவிடும். ஆட்டோமேட்டிக் என்றால், ஏற்றத்தில் நிறுத்தி, ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் நகர்த்திப் பாருங்கள். சில ஆட்டோமேட்டிக்குகளில் உள்ள உலர் இரட்டைக் கிளட்ச் தேய்ந்திருந்தால் அங்கே உதறும்.

காகிதங்களில் உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30, கடன் தீர்ந்திருந்தால் 35, வெளிமாநிலம் என்றால் தடையின்மைச் சான்றான 28 ஆகியவை கைக்கு வராமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். டெல்லியில் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 இல் தடை விதித்ததும், உச்ச நீதிமன்றம் 2018 இல் அதை உறுதி செய்ததும் அங்கிருந்து மலிவு விலையில் வண்டிகள் இங்கே வரக் காரணமாயின. விலையைப் பார்த்து மகிழும் முன், நம் மாநிலத்தில் கட்ட வேண்டிய வாழ்நாள் வரியையும் கணக்கில் சேருங்கள்.

எல்லாம் சரியாக இருந்து வாங்கிவிட்டால், முதல் செலவு டைமிங் பெல்ட். டஸ்டரின் 1.5 லிட்டர் டீசலிலும் எக்கோஸ்போர்ட்டின் 1.5 லிட்டர் டீசலிலும் செயின் இல்லை, பெல்ட்தான். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். மாற்றியதற்கு ரசீது இருந்தால் தேதியையும் கிலோமீட்டரையும் குறித்துக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல், "போன வருஷம்தான் மாத்தினோம் சார்" என்ற வார்த்தை மட்டும் இருந்தால், வெளியூர்ப் பயணம் எதற்கும் எடுக்காமல் வண்டியை நேரே பணிமனைக்குக் கொண்டுவந்து, பெல்ட்டோடு, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் வாட்டர் பம்பையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.