ரெண்டாவது கிட்டார் யாரைக் கேட்டு வாசிக்கணும்?

நாகர்கோவில், மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் இருந்து பாட்டு ரெக்கார்ட் பண்ண வர்ற பசங்க நெறைய பேரு இப்ப சோலோவுல ரெண்டு லீட் கிட்டார் ஹார்மனியா, அதாவது ஒரே மெலடியை வேற வேற நோட்டுல சேத்து வாசிக்கிற மாதிரி, வேணும்னு கேக்காங்க. ரொம்ப சந்தோஷம். ஆனா கொண்டு வர்ற ஃபைலைத் தெறந்து பாத்தா முதல் கிட்டார் ட்ராக்கை அப்படியே காப்பி பண்ணி 4 செமிடோன் (கிட்டார்ல நாலு ஃப்ரெட்) மேல தூக்கி வச்சிருப்பாங்க, "அண்ணே ஹார்மனி எல்லாம் போட்டாச்சு, மிக்ஸ் மட்டும் பண்ணித் தந்தா போதும்"னு வேற சொல்லுவாங்க. மக்ளே, அது ஹார்மனி இல்ல கேட்டியா, அது ஒரே ஆளு ரெண்டு கீ-ல வாசிக்கிறது.

சி மேஜர் ஸ்கேலை எடுத்துக்குங்க, சி டி ஈ எஃப் ஜி ஏ பி, நம்ம ச ரி க ம ப த நி மாதிரி. சி-யையும் சேத்து எண்ணினா மூணாவது நோட் ஈ, தூரம் 4 செமிடோன். அடுத்து டி-க்கு எஃப், அது 3 தான். ஈ-க்கு ஜி 3, எஃப்-க்கு ஏ 4, ஜி-க்கு பி 4, ஏ-க்கு சி 3, பி-க்கு டி 3. தூரம் மாறிக்கிட்டே இருக்கு, அதான் விஷயமே. எல்லாத்தையும் 4 தூக்கினா டி-க்கு மேல எஃப் ஷார்ப் வந்து நிக்கும், அந்த நேரம் பாத்து கீபோர்டுக்காரரு டி மைனர் கார்டு, அதாவது டி, எஃப், ஏ மூணையும் ஒண்ணா, புடிச்சிருப்பாரு, எஃப்பும் எஃப் ஷார்ப்பும் முட்டிக்கும். கேக்குறவங்களுக்கு காரணம் சொல்லத் தெரியாது, முகம் மட்டும் சுளிக்கும்.

சரி, கீ-யையும் ஸ்கேலையும் செட் பண்ற ஹார்மனைசர் பெடல் இருக்கே, அதுல போட்டா போச்சுன்னு நெனைப்பீங்க. பாதி பிரச்சனை தீரும். மீதி பாதி கார்டுல இருக்கு, மெலடிக்குக் கீழ என்ன கார்டு போகுதுன்னு அந்த பெடலுக்குத் தெரியாது. ஏ மைனர் பாட்டுல ஈ மேஜர் கார்டு வர்ற இடம் இருக்கும்ல, அங்க மெலடி ஈ-ல நீளமா நிக்குதுன்னு வைங்க, ஸ்கேல் படி மூணாவது நோட் ஜி. ஆனா ஈ மேஜர் கார்டுக்குள்ள இருக்கிறது ஜி ஷார்ப். பெடல் ஜி-ய வாசிக்கும், கீபோர்டு ஜி ஷார்ப் வாசிக்கும், சோலோவோட உச்சத்துல போய் கெட்டுப் போகும். அதே பாட்டுல எஃப் கார்டு வரும்போது மெலடி சி-ல நின்னா மூணாவது நோட் ஈ, தப்பு இல்ல, ஆனா கொஞ்சம் தொங்குற மாதிரி இருக்கும், அங்க நான் எஃப்-க்கு ஏத்திடுவேன், மூணாவதுக்கு பதிலா நாலாவது. ஓடுற நோட்டுக்கெல்லாம் இவ்வளவு யோசிக்க வேண்டாம், ஸ்கேல் படி போகட்டும். நிக்கிற நோட்டுக்கு மட்டும் கார்டைக் கேளுங்க, முதல் கிட்டாரைக் கேக்காதீங்க.

இது நம்ம ஊருல யாருக்கும் புதுசு இல்ல. சர்ச் கொயர்ல நாலு பார்ட் பாடுறதைச் சின்ன வயசுல இருந்தே கேட்டு வளந்தவங்கதான் பாதிப்பேரு, ஆல்டோ (பெண் குரல்ல கீழ் பார்ட்) பாடுற அக்காமாரைக் கவனிச்சுப் பாருங்க, மெலடி பாடுற சோப்ரானோ (மேல் பார்ட்) ஏறி இறங்கும்போது அவங்க பல எடத்துல ஒரே நோட்ல நின்னுட்டு இருப்பாங்க. ஆல்டோ சும்மா சோப்ரானோவோட நிழல் இல்லியே. ஆனா கிட்டாரைக் கையில எடுத்ததும் இது மறந்துபோகுது, ஏன்னே தெரியல.

கீர்த்தனை மெட்டுக்கு ஹார்மனி எழுதுறவங்க இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். மோகன ராகத்துல, சி-யை ச-ன்னு வச்சா, சி டி ஈ ஜி ஏ தான், எஃப்பும் பி-யும் கெடயாது. மேஜர் ஸ்கேல் படி மூணாவது போட்டா டி-க்கு எஃப், ஜி-க்கு பி, ரெண்டுமே ராகத்துல இல்லாத நோட், பாட்டைத் தெரிஞ்ச பெரியவங்க உடனே திரும்பிப் பாப்பாங்க. ராகத்துக்குள்ளயே ஒரு நோட் விட்டு அடுத்த நோட் எடுத்தா சி-க்கு ஈ, மத்த நாலுக்கும் நாலாவது தூரம் வரும், டி-க்கு ஜி, ஈ-க்கு ஏ, இப்படி. கொஞ்சம் சீன இசை வாடை அடிக்கும், சில பாட்டுக்கு அதுவே அழகு. புடிக்கலன்னா ரெண்டாவது கிட்டாரை சி-லயோ ஜி-லயோ நிப்பாட்டி வச்சுட்டு மெலடியை மட்டும் நகர விடுங்க, எனக்கு இதுதான் இஷ்டம்.

அடுத்து பெண்ட், அதாவது ஸ்ட்ரிங்கை இழுத்து நோட்டை மேல ஏத்துறது. ஏ மைனர்ல முதல் ஆளு ஜி-ல இருந்து ஏ-க்கு ஃபுல் பெண்ட் போடுறாரு, ரெண்டாவது ஆளு பி-ல இருந்து சி-க்குப் போகணும், அது அரை பெண்ட் தான். ரெண்டு பேரும் ஒரே அளவு இழுத்தா சி ஷார்ப் வந்துரும், மைனர் பாட்டு திடீர்னு மேஜர் ஆயிரும். அரை பெண்ட்காரரு சீக்கிரம் போய்ச் சேந்துடுவாரு, அதனால அவரு மெதுவா இழுத்து ரெண்டு பேரும் ஒண்ணா போய் நிக்கணும். நிக்கிற நோட்டை ஆட்டுற வைப்ரேட்டோவும் அப்படித்தான், ஒருத்தரு வேகமா ஆட்டி இன்னொருத்தரு மெதுவா ஆட்டினா ட்யூனிங் சரியா இருந்தாலும் அவுட் மாதிரியே கேக்கும். பக்கத்துல பக்கத்துல உக்காந்து ஒருத்தர் விரலை ஒருத்தர் பாத்து வாசிச்சுப் பழகுறதைத் தவிர இதுக்கு வேற வழி இல்ல. ஆல்மன் பிரதர்ஸ், விஷ்போன் ஆஷ், தின் லிசி, அயர்ன் மெய்டன்னு இந்த வழியில பேர் வாங்கின பேண்டெல்லாம் ரெண்டு மனுஷங்க சேந்து வாசிச்சதுதான். குயீன் பேண்டோட பிரையன் மே தனியாளா பல கிட்டார் அடுக்கினாரு, ஆனா ஒவ்வொண்ணையும் தனித்தனியா வாசிச்சு அடுக்கினாரு. காப்பி பண்ணி பிட்ச் ஏத்தினா டைமிங் அச்சு அசலா ஒண்ணா இருக்கும், ரெண்டு பேரு வாசிக்கிற அந்த அகலம் வராது.

சத்தத்தைக் கரகரன்னு ஆக்குற டிஸ்டார்ஷன்ல கெயினை (அளவை) கொறைங்க. ரெண்டு கிட்டாரையும் ஒரே ஆம்ப்ல விடாதீங்க, ரெண்டு நோட்டும் டிஸ்டார்ஷனுக்குள்ள சேந்தா நீங்க வாசிக்காத நோட்டெல்லாம் கெளம்பும். கொளச்சல், முட்டம்னு கடலோரமா இருக்கிறவங்க ரெக்கார்டிங்குக்கு முன்னாடி புது ஸ்ட்ரிங் போடுங்க, உப்புக்காத்துல துருப்புடிச்ச ஸ்ட்ரிங் மேல் ஃப்ரெட்ல சுருதி நிக்காது.

முழு சோலோவுக்கும் ஹார்மனி வேண்டவே வேண்டாம். கோயில்ல ரெண்டு நாதஸ்வரம் ஒரே சுரத்துல ஊதும்போது என்ன கம்பீரம்! அது மாதிரி ரெண்டு கிட்டாரும் ஒண்ணா ஒரே மெலடியை வாசிச்சுட்டு, கடைசி நாலு பார்ல பிரிங்க.

கோயில் கொடை, சர்ச் கன்வென்ஷன் மேடையில பெரும்பாலும் மோனோ (எல்லா ஸ்பீக்கர்லயும் ஒரே சத்தம்) தான், லெஃப்ட் ரைட்னு பிரிச்சு வச்சதெல்லாம் ஒண்ணாயிரும். அதனால மிக்ஸ் முடிஞ்சதும் மோனோ பட்டனை அமுக்கி ஒரு தடவ கேளுங்க. காது மேல் நோட்டைத்தான் மெலடின்னு எடுத்துக்கும், அதனால பாட்டு எதுன்னு தெரியலன்னா ரெண்டாவது கிட்டாரை ரெண்டு டெசிபல் இறக்குங்க. அப்பவும் தெரியலன்னா அந்த ஹார்மனியை ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழ வாசிச்சு திரும்ப எடுங்க, மேல மூணாவதா இருந்தது கீழ ஆறாவது ஆயிரும், மெலடி மேல வந்துரும்.