ஜே-1 விசா: மிச்சம் இருப்பதாக நீங்கள் நம்பும் ஆண்டுகள்

போன வாரமும் அதே கதை. ஜே-1 என்ற பரிமாற்ற வருகையாளர் விசாவில் அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் ஏறத்தாழ ஓராண்டு வேலை பார்த்தவர், நிதி தீர்ந்ததும் திருச்சிக்குத் திரும்பிவிட்டார். சில மாதங்களில் வேறொரு பல்கலைக்கழகம் அழைத்தது. நியமனக் கடிதம் கையில் இருக்கிறது. "ஐந்து வருடத்தில் இன்னும் நான்கு வருடம் பாக்கி இருக்கிறதே, மேடம்?" என்று கேட்டார். ஒரு நாள்கூடப் பாக்கி இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. வெளிநாட்டு ஆய்வாளர்களின் விசாத் தாள்களைக் கவனிப்பது என் வேலை. இதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு எரிகிறது.

ஆய்வாளர் பிரிவில் ஜே-1 விசாவுக்கு உச்சவரம்பு ஐந்தாண்டு. வங்கிச் சேமிப்புபோல வேண்டும்போது கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ள அதில் வழியில்லை. வெளிநாட்டு மாணவர்களையும் ஆய்வாளர்களையும் பதிவுசெய்யும் அமெரிக்க அரசின் செவிஸ் கணினிப் பதிவில் உங்கள் திட்டம் முடிந்ததாகக் குறித்த நாளோடு எல்லாம் முடிந்தது. அன்றிலிருந்து 24 மாதங்களுக்கு ஆய்வாளராகவோ பேராசிரியராகவோ ஜே-1 விசாவில் மறுபடி வர முடியாது. ஜே-2 விசாவில் உடன் வந்த கணவருக்கும் மனைவிக்கும் இதே தடை உண்டு. அவரும் முனைவர் பட்டம் பெற்றவர் என்றால் இரட்டை இழப்பு.

உடனே அடுத்த கேள்வி வரும்: "என் விசாவில் இரண்டு வருட விதி பொருந்தாது என்று அச்சிட்டிருக்கிறதே?" ஐயா, அம்மா, அது வேறு விதி! அது அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 212(இ) பிரிவு. அரசுப் பணத்தில் வந்தவர்கள், மருத்துவப் பயிற்சிக்கு வந்தவர்கள், திறன் பட்டியலில் (எந்த நாட்டுக்கு எந்தத் துறை ஆட்கள் தேவை என்று சொல்லும் அமெரிக்க அரசுப் பட்டியல்) உள்ள துறை, நாடுகளைச் சேர்ந்தவர்கள் ஆகியோருக்கானது. அது பொருந்தினால், சொந்த நாட்டில் மொத்தம் இரண்டாண்டு இருக்கும்வரை எச்-1பி வேலை விசாவோ கிரீன் கார்டோ கிடைக்காது. விலக்கு வாங்கினால்தான் உண்டு. அமெரிக்கக் குடிமகனைத் திருமணம் செய்துகொண்டாலும் விதி விடாது. 24 மாதத் தடையோ எச்-1பியைத் தொடுவதே இல்லை. அந்தக் காலத்தை அமெரிக்காவிலேயே வேறு விசாவில் கழிக்கலாம். 212(இ)க்கு விலக்கு உண்டு, 24 மாதத் தடைக்கு விலக்கே கிடையாது. ஒன்று பொருந்தாது என்பதால் மற்றதும் பொருந்தாது என்று ஆகாது. இதை எத்தனை பேரிடம் எத்தனை விதமாகச் சொல்வது?

2024 டிசம்பரில் திறன் பட்டியலிலிருந்து இந்தியாவை நீக்கினார்கள். நல்ல செய்திதான். பட்டியலால் மட்டுமே 212(இ)யில் மாட்டியிருந்தவர்கள் தப்பினார்கள். அதைப் படித்துவிட்டு "இனி எந்தத் தடையும் இல்லை" என்று குழுக்களில் பரப்புகிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை. ஃபுல்பிரைட்-நேரு போன்ற அரசு உதவித்தொகையில் வந்தவர்களுக்கு 212(இ) இன்றும் உண்டு. 24 மாதத் தடையோ எந்தப் பட்டியலையும் பார்த்து வருவதில்லை.

பேராசிரியரை நம்பி முடிவெடுக்காதீர்கள். அவர் நல்லவராக இருப்பார், உங்கள் ஆய்வில் மேதையாகவும் இருப்பார். விசா விதி அவருக்குத் தெரியாது. "போய்விட்டு வா, பார்த்துக்கொள்ளலாம்" என்று அவர் சொல்வது அன்பினால். ஜே-1 விசாவுக்கான டிஎஸ்-2019 படிவத்தில் கையெழுத்திட்ட பொறுப்பு அலுவலரைக் கேளுங்கள்.

வேறு ஆய்வகத்தில் இடம் கிடைக்கும்போல் இருந்தால், இருக்கிற திட்டம் முடியுமுன்பே பதிவை அங்கே மாற்றச் சொல்லுங்கள். முடிந்தபின் மாற்ற முடியாது. முடிந்த பிறகு கிடைக்கும் 30 நாள், மூட்டை கட்டுவதற்கு மட்டும்தான். ஊரில் சில மாதம் தங்கி அதே ஆய்வைத் தொடரப் போகிறீர்களா? கிளம்புமுன் சொல்லுங்கள், பதிவை உயிரோடு வைத்திருக்க வழி இருக்கிறதா என்று பார்க்கலாம். ஆறு மாதத்துக்குள் முடிகிற வேலை என்றால், முதலிலேயே குறுகிய கால அறிஞர் பிரிவில் படிவம் கேளுங்கள். அந்தப் பிரிவில் வந்து போனால் 24 மாதத் தடை வராது. நான்கு மாத வேலைக்கு ஆய்வாளர் பிரிவில் வந்து, அடுத்த வாய்ப்பைப் பறிகொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

212(இ) விலக்குக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அமெரிக்க வெளியுறவுத் துறை விலக்குக்குப் பரிந்துரைத்துவிட்டால் அதற்குப்பின் ஜே-1 காலத்தை நீட்டிக்க இயலாது. நீட்டிப்பை முதலில் வாங்குங்கள்.

தயவுசெய்து, விமான டிக்கெட் எடுப்பதற்கு முன் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். இரண்டு வரி போதும்: எப்போது போகிறேன், திரும்பி வருவேனா. பதிவை முடிக்குமுன் என்றால் எங்களால் ஏதாவது செய்ய முடியும்.