மாற்றுச் சான்றிதழ் கொடுப்பதற்கு முன்

ஜூன் 26, சர்வதேசப் போதைப்பொருள் ஒழிப்பு தினம் நெருங்கினால் பள்ளிகளிலிருந்து அழைப்பு வரும். பேரணி, உறுதிமொழி, கறுத்த நுரையீரல் படம், குடியிலிருந்து மீண்ட ஒருவரின் கண்ணீர்க் கதை. "பிள்ளைகள் நடுங்கிப் போகும்படி பேசுங்கள் டாக்டர்" என்பார்கள். போதை சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் மனநல மருத்துவராகச் சொல்கிறேன்: அந்த நடுக்கம் நிலைப்பதில்லை. கஞ்சா புகைத்த நண்பன் மறுநாள் சாதாரணமாக வகுப்புக்கு வந்துவிட்டால், நாம் சொன்ன உண்மைகளையும் சேர்த்தே பிள்ளைகள் தள்ளிவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் 1983இல் லாஸ் ஏஞ்சலீஸில் தொடங்கிய 'டேர்' என்ற பள்ளிப் போதைத் தடுப்புத் திட்டத்தில் காவலர்களே வகுப்பெடுத்தார்கள். நாடெங்கும் பரவிய அந்த வகுப்புகளில் படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் போதைப் பழக்கத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்று பல ஆய்வுகள் காட்டின. ஐ.நா.வும் உலக சுகாதார நிறுவனமும் 2018இல் வெளியிட்ட தடுப்புத் தரநிலைகளும் அச்சமூட்டுவதையும் வெறும் தகவல் சொல்வதையும் பலனற்றவை என்கின்றன. பெற்றோருக்கான பயிற்சி, நண்பர்களின் வற்புறுத்தலை மறுக்கப் பழக்கும் வகுப்புகள், பிள்ளையைப் பள்ளியோடு பிணைத்து வைப்பது ஆகியவற்றுக்கே சான்று இருக்கிறது.

நாம் செய்வது நேர்மாறு. ஒரு மாணவனின் பையில் புகையிலைப் பொட்டலம் கிடைத்ததும் மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிடுகிறோம். நாள் முழுக்க அவனைக் கவனிக்க ஆளிருந்த ஒரே இடம் பள்ளிதான்; அதுவும் போய்விடுகிறது. சிகிச்சைக்கு வரும் இளைஞர்களிடம் கேட்டால், படிப்பு நின்ற பிறகே பழக்கம் முற்றியது என்று பலரும் சொல்கிறார்கள். இது என்னை உண்மையிலேயே கோபப்படுத்துகிறது.

வீட்டிலும் அச்சம்தான். போலீஸ் வழக்குக்குப் பயந்து பெற்றோர் மறைக்கிறார்கள். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 27ஆவது பிரிவு பயன்படுத்துவோருக்குத் தண்டனை சொல்கிறது; அதே சட்டத்தின் 64ஏ பிரிவோ, அரசு அங்கீகரித்த மையத்தில் தாமாகச் சிகிச்சைக்கு வருபவருக்கு, சிகிச்சையை முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. இந்தப் பிரிவைப் பேரணிப் பதாகைகளில் நான் பார்த்ததேயில்லை. மறைத்து மறைத்துக் கடைசியில் சில குடும்பங்கள் அடித்துத் திருத்துவதாகச் சொல்லும் இடங்களில் பிள்ளையை விட்டுவிடுகின்றன. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. மது, போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளும் அச்சட்டத்தின் வரையறைக்குள் வருபவையே.

தலைமையாசிரியர்களிடம் நான் கேட்பது இதுதான்: சான்றிதழில் கையெழுத்திடுவதற்கு முன் மாணவனையும் பெற்றோரையும் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். 14446 என்ற கட்டணமில்லா தேசிய உதவி எண்ணை அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். சிகிச்சை நடக்கும் நாள்களிலும் வகுப்பில் அவன் இடம் அவனுக்காக இருக்கட்டும்.