பிரஜோன்கி: வறுவலா, புழுக்கா?

போலந்தின் தெற்கே, சைலீசியாவிலும் அதை ஒட்டிய டோம்ப்ரோவா நிலக்கரிப் பகுதியிலும், உருளைக்கிழங்கு தோண்டி முடித்த கையோடு திறந்தவெளியில் தீ மூட்டி ஒரு கனத்த வார்ப்பிரும்புச் சட்டியை ஏற்றுவார்கள். அதில் வேகும் சாப்பாட்டுக்குப் பெயர் பிரஜோன்கி. தமிழில் இதை என்னவென்று சொல்வது என்பதுதான் கேள்வி. நடுவில் வரும் ஜகரத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் சொல்வதுபோல உரசிச் சொல்ல வேண்டும். இந்த ஒலிக்கு ஆங்கிலத்தில் போடும் எழுத்துகளையே நம் ழகரத்துக்கும் போடுவதால், சிலர் இதைப் 'பிரழோன்கி' என்று படித்துவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு ஒலிகள்.

சொல்லைப் பிரிப்பது எளிது. பிரஜிச் என்றால் போலிஷ் மொழியில் வறுப்பது. கொட்டைகளை வறுக்க இந்த வினைதான். பாப்கார்னுக்கு அங்கே 'வறுத்த மக்காச்சோளம்' என்றே பெயர். கோடையில் வெயில் தாங்காவிட்டால் 'சூரியன் வறுக்கிறது' என்பார்கள், நாம் 'வெயில் வறுத்தெடுக்குது' என்பதைப் போலவே. பிரஜோனி என்பது 'வறுத்த' என்னும் எச்சம். அதோடு பன்மை விகுதி சேர்ந்து பிரஜோன்கி ஆகிறது, அதாவது 'வறுத்தவை'. சமைக்கும் வினையிலிருந்தே சமைத்த பண்டத்துக்குப் பெயர் வைப்பது நமக்கும் பழக்கம்தான்: வறு வறுவலானது, பொரி பொரியலானது, அவி அவியலானது.

அப்படியானால் 'வறுவல்' என்று மொழிபெயர்த்துவிட்டுப் போய்விடலாமே? அகராதியை மட்டும் பார்த்தால் சரி. சட்டியைத் திறந்து பார்த்தால் சரிவராது.

அந்தச் சட்டிக்குக் கொச்சோவெக் என்று பெயர். மூன்று கால், தடித்த சுவர், மூடியின் குறுக்கே ஒரு பட்டை, அதை இறுக்கித் திருக ஒரு திருகு. உள்ளே பன்றிக்கொழுப்பைத் தடவி, அடியிலும் பக்கங்களிலும் முட்டைக்கோஸ் இலைகளை விரிப்பார்கள். அதன்மேல் பன்றி இறைச்சித் துண்டுகள், வட்டமாக நறுக்கிய கியெவ்பாசா என்னும் தொத்திறைச்சி, வெங்காயம், கேரட், வில்லை வில்லையாக உருளைக்கிழங்கு. சிலர் பீட்ரூட்டும் சேர்ப்பார்கள். இடையிடையே உப்பும் மிளகும் தூவி, சட்டி நிரம்பியதும் மறுபடி முட்டைக்கோஸ் இலையால் மூடி, திருகை முறுக்கிவிடுவார்கள். திருகு இல்லாத சட்டியென்றால் புல்லோடு வெட்டி எடுத்த மண்கட்டியை மேலே வைத்து அமுக்குவதும் உண்டு. தண்ணீர் ஒரு சொட்டுகூட ஊற்றுவதில்லை. நடுவில் திறப்பதும் இல்லை, கிளறுவதும் இல்லை. சுமார் ஒரு மணி நேரம், காய்கறி விட்ட நீரும் உருகிய கொழுப்பும் எழுப்பும் ஆவியிலேயே எல்லாம் வேகிறது. அடியில் ஒட்டியது மட்டும்தான் முறுகி வறுபடும். பெயருக்கு நியாயம் செய்வது அந்த அடிப்பிடித்த பகுதி ஒன்றுதான். கூடக் குடிக்க மோர் அல்லது கேஃபிர் என்னும் புளித்த பால் பானம்.

ஆங்கிலம் வழியாகக் கேள்விப்பட்டவர்கள் இதை 'ஸ்டூ' என்று எழுதுவது 'வறுவல்' என்பதைவிடப் பிழை. இதில் குழம்பே கிடையாது. புளித்த முட்டைக்கோஸில் செய்யும் பிகோஸ் வேறு பண்டம், அதோடும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பெயர் பொருந்தவில்லை என்று அந்த ஊர்க்காரர்களுக்கும் தோன்றியிருக்குமோ என்னவோ, பக்கத்துப் பக்கத்து வட்டாரங்களிலேயே பெயர் மாறிக்கொண்டிருக்கிறது. பழைய இரும்பாலை ஊரான பொரெம்பாவில் பிரஜோன்கி. அங்கே இதற்கென்றே ஒரு திருவிழா நடக்கிறது. வேறு சில இடங்களில் பியெச்சோன்கி, 'சுட்டவை'. இன்னும் சில இடங்களில் துஷோன்கி. எனக்கு வேண்டியது இந்த மூன்றாவது பெயர்தான்.

துஷோன்கி வந்தது துஷிச் என்ற வினையிலிருந்து. மூச்சை அடைப்பது, திணறவைப்பது என்பது அதன் பொருள். சமையலில் மூடிவைத்து ஆவியில் வேகவிடுவது. அதே குடும்பத்துச் சொல்தான் துஷ்னோ: காற்றே இல்லாமல் புழுங்குகிறது என்று சொல்ல அதைத்தான் சொல்வார்கள். மனக்குறையை வெளியே சொல்லாமல் உள்ளே அடக்கிவைப்பதும் துஷிச்தான்.

இப்போது தமிழைப் பாருங்கள். புழுங்கல் அரிசி, உடம்புக்குப் புழுக்கம், மனசுக்கு மனப்புழுக்கம். சமையல், வானிலை, மனம் என்ற மூன்று இடத்துக்கும் அவர்கள் எடுத்த ஒரே வேரைப் போலவே நாமும் ஒரே வேரை எடுத்திருக்கிறோம். இரண்டு மொழிக்கும் உறவு எதுவும் கிடையாது. மூடிய சட்டிக்குள் நடப்பதைப் பார்த்த கண்கள்தான் ஒத்துப்போயிருக்கின்றன.

ஆகவே என் வாக்கு 'புழுக்கு' என்ற சொல்லுக்கு. கிழங்குக்கு மட்டுமே அது பொருந்தும், இறைச்சிக்குப் பொருந்தாது என்று சிலர் தயங்கலாம். பொருநராற்றுப்படையில் கரிகாலன் தரும் விருந்தில் வரும் 'துருவையம் புழுக்கு', அறுகம்புல் தின்று வளர்ந்த செம்மறியின் வெந்த இறைச்சி. அதே விருந்தில் கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சி தனியாக வருகிறது. சுட்டதும் புழுக்கியதும் வேறு என்பதில் அந்தப் புலவருக்குக் குழப்பமே இல்லை. யாழ்ப்பாணத்தில் புழுக்கி உலர்த்திய பனங்கிழங்கு இன்றும் புழுக்கொடியல்தான். மலையாளத்தில் கப்பப் புழுக்கு, திருவாதிரைப் புழுக்கு என்று சொல் உயிரோடு இருக்கிறது.

'அவியல்' பொருளில் பொருந்தும், ஆனால் தேங்காயும் தயிரும் அந்தப் பெயரைப் பிடித்து வைத்துக்கொண்டுவிட்டன. 'கூட்டாஞ்சோறு' என்றும் சொல்லிப் பார்த்தேன். தீயைச் சுற்றி ஊரே உட்காரும் காட்சிக்கு அழகாக இருக்கிறது, ஆனால் இதில் சோறு எங்கே? தீயில் வைத்துச் செய்வதைக் காட்ட வேண்டுமென்றால் 'அனல் புழுக்கு' எனலாம்.

அப்புறம், போலந்துக் கடைகளில் பிரஜின்கி என்று ஒரு பொட்டலம் தொங்கும். ஓர் உயிரெழுத்துதான் வித்தியாசம். அது உருளைக்கிழங்கு மாவில் செய்த, எண்ணெயில் போட்டால் பொங்கி வரும் மொறுமொறு தின்பண்டம். அதைப் புழுக்கு என்று எழுதிவிடாதீர்கள், அது வடகம்.