இரண்டு கிலோ கலோரிக்காக ஒரு போராட்டம்

ஒரு கார்பன் அணுவோடு நான்கு வெவ்வேறு தொகுதிகள் இணைந்திருந்தால், அந்த மூலக்கூறு இரண்டு வடிவங்களில் அமையலாம். இரண்டும் இடக்கை, வலக்கை மாதிரி. ஒன்று மற்றதன் கண்ணாடி பிம்பம், ஆனால் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாது. உருகுநிலையும் அடர்த்தியும் அச்சு அசலாக ஒன்றே. உடலோ இரண்டையும் ஒன்றாக நடத்துவதில்லை. பார்கின்சன் நோய்க்குத் தரப்படும் டோபாவில், எல் வடிவத்தைத்தான் நமது நொதி டோபமைனாக மாற்றுகிறது. டி வடிவம் வெறும் சுமை.

சாதாரண வினையில் இரண்டும் சரிபாதியாகத்தான் கிடைக்கும். டோபாவைச் செய்ய, மூலப்பொருளில் உள்ள தட்டையான இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜனைச் சேர்க்கலாம். அதன் ஒரு முகத்தில் சேர்ந்தால் எல், எதிர் முகத்தில் சேர்ந்தால் டி. இரண்டு பாதைகளிலும் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை ஒரே உயரம். அப்படியிருக்க ஹைட்ரஜன் ஒரு பக்கத்தை மட்டும் விரும்ப நியாயமே இல்லை.

அந்த நியாயத்தை உண்டாக்குவதுதான் சமச்சீரற்ற தொகுப்பு. ஒரே கைப்போக்குள்ள, அதாவது இடக்கை அல்லது வலக்கை வடிவம் மட்டுமே கொண்ட, வினையூக்கியைச் சேர்த்தால், இரண்டு பாதைகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பங்களாக இருப்பதில்லை. தடைகளின் உயரமும் வேறுபடும். எவ்வளவு வேறுபட வேண்டும்? அறை வெப்பநிலையில், மோலுக்கு 1.4 கிலோ கலோரி இருந்தால் விளைபொருள்களின் விகிதம் சுமார் 10-க்கு 1. 2.7 இருந்தால் நூற்றுக்கு 99 பங்கு ஒரே வடிவம். ஈத்தேன் மூலக்கூறு தன் நடுப்பிணைப்பில் சுழலவே 3 கிலோ கலோரி அளவில் தடை உண்டு. அதைவிடச் சிறிய வித்தியாசத்துக்காகத்தான் ஆண்டுக்கணக்கில் உழைப்பு! குளிர்வித்தால் கொஞ்சம் கைகொடுக்கும்: அதே 1.4 கிலோ கலோரி, மைனஸ் 78 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 37-க்கு 1 தரும்.

1968-இல் அமெரிக்காவின் மான்சாண்டோ நிறுவனத்தில் வில்லியம் நோல்ஸ், ரோடியம் என்ற உலோகம் கொண்ட வினையூக்கியில், அந்த உலோகத்தோடு ஒட்டியிருந்த பாஸ்பரஸ் சேர்மமான சாதாரண பாஸ்பீனை எடுத்துவிட்டு, கைப்போக்குள்ள பாஸ்பீனைப் பொருத்தினார். ஒரு வடிவம் மற்றதைவிட 15 சதவீதம்தான் கூடுதலாக வந்தது. அதாவது 57.5-க்கு 42.5. மருந்து செய்ய அது போதாது. ஆனால் வழி திறந்துவிட்டது. பாஸ்பீனை மாற்றி மாற்றிப் பார்த்து, டிபாம்ப் என்ற ஈனியில் (உலோகத்தோடு இப்படி இணைந்திருக்கும் மூலக்கூறுதான் ஈனி) 95 சதவீதக் கூடுதலை எட்டினார்கள். அறை வெப்பநிலைக் கணக்கில் இது 0.2 கிலோ கலோரியிலிருந்து 2.2-க்கு ஏறியதற்குச் சமம். எல்-டோபா அந்த முறையில் ஆலையிலேயே தயாரானது. 2001-இல் நோயோரி, ஷார்ப்லெஸ் ஆகியோருடன் நோபல் பரிசும் வந்தது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் பரிசு அல்ல. ரோடியம் மூலப்பொருளைப் பற்றிக்கொள்ளும்போது இரண்டு வகை இணைப்புகள் உருவாகின்றன. ஒன்று நிலையானது, கரைசலில் ஏராளமாக இருக்கும். மற்றது அரிது. ஏராளமாக இருப்பதிலிருந்துதான் நாம் விரும்பும் வடிவம் வருகிறது என்றே யாரும் நினைப்பார்கள். ஜாக் ஹால்பெர்ன் வினையின் வேகத்தை அளந்து பார்த்தபோது விஷயம் தலைகீழாக இருந்தது. நிலையானது ஹைட்ரஜனோடு மந்தமாகவே வினைபுரிகிறது. அரிதானதோ பல நூறு மடங்கு விரைவாக வினைபுரிந்து விளைபொருளில் பெரும்பங்கைத் தந்துவிடுகிறது. இரண்டு இணைப்புகளும் இடைவிடாமல் ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டே இருப்பதால், அரிதானது தீரத்தீர மீண்டும் நிரம்புகிறது. ஹைட்ரஜன் அழுத்தத்தைக் கூட்டினால் இந்த மாற்றத்துக்கு அவகாசம் கிடைக்காமல், விரும்பும் வடிவத்தின் பங்கு குறைகிறது. ஆகவே, வினையூக்கியோடு எது அதிகமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்து முடிவு சொல்வது ஆபத்து.

எந்த வடிவம் அதிகம் வரும் என்று கணினியிடம் கேட்டால் என்ன? கேட்கிறார்கள், விளக்கம் தருவதில் அது கெட்டிதான். ஆனால் வழக்கமான கணக்கீட்டு முறைகளின் பிழையே ஒன்றிரண்டு கிலோ கலோரி வரை போகும். முடிவைத் தீர்மானிக்கும் வித்தியாசமும் அதே அளவுதான். அதனால் இன்றும் ஆய்வகங்களில் ஈனி, கரைப்பான், வெப்பநிலை என்று ஒவ்வொன்றாக மாற்றி வினையை நடத்துகிறார்கள். கைப்போக்குள்ள நிரப்பி கொண்ட, இரண்டு வடிவங்களையும் பிரித்துக் காட்டும் குரோமட்டோகிராபிக் குழாயில் கலவையைச் செலுத்தி, திரையில் எழும் இரண்டு முகடுகளில் சிறியது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, அடுத்த ஈனியை எடுக்கிறார்கள்.